மீட்டர்காரரின் மறதி

பால் பாக்கெட் துணி பீரோவுக்குள் இருந்தது.

மடித்து வைத்த போர்வைக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவில், அதுவும் இஸ்திரி போட்டு வைத்த துணி மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டை எடுக்கப் போன செக்கிங் அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். வெதுவெதுவென்று உப்பிப் போயிருந்தது.

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மீட்டர்காரர் வந்து நின்றார். பாக்கெட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் பால் வாங்கிட்டு வந்தது..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"வாங்கினது யாரா இருந்தா என்ன? பீரோவுல வெச்சது யாரு? அதைச் சொல்லுங்க."

அவர் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"நானாத்தான் இருக்கும்."

"இருக்கும் என்ன இருக்கும்? நீங்கதான்."

"சரி. நான்தான்."

இப்படித்தான் ஒப்புக்கொள்வார். சண்டை போட்டாலாவது மனசு ஆறும். கடந்த இரண்டு மூன்று மாதமாக அவர் சண்டையையும் மறந்துவிட்டாற்போல் இருந்தது.

செக்கிங் அம்மாவுக்கு அந்தப் பெயர் சட்டைத் தொழிற்சாலையில் வந்தது. இருபத்தொன்பது வருஷமாக அங்கே செக்கிங் பிரிவு. காலரை இழுத்துப் பார்ப்பாள், பட்டனைத் திருகிப் பார்ப்பாள், தையலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கோளாறு கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அந்த அம்புக்கு மேனேஜரே பயப்படுவார். அவள் கணவர் முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் படித்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் இன்னும் மீட்டர்காரர்தான்.

ஒரு காலத்தில் ஆயிரம் வீட்டு மீட்டர் எண்ணை மனசில் வைத்திருந்த மனுஷன். இப்போதோ சாவியைக் கதவுக்கு வெளிப்பக்கமே விட்டுவிடுகிறார். காலிப் பாத்திரத்துக்கு அடியில் அடுப்பு எரிகிறது. அவள் சொன்ன விஷயத்தை "நீ சொல்லவே இல்லையே" என்கிறார். சொல்லாத விஷயத்தை "இதை மூணு தடவை சொல்லிட்டியேம்மா" என்கிறார். கேட்டால் கோபம் வருமா வராதா?

அன்று வேலை முடிந்து திரும்பும்போது மருந்துக்கடையில் நின்றாள். அவருக்குச் சர்க்கரை மாத்திரை, தனக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை. இரண்டும் வீட்டில் உப்பு மாதிரி. அவர் சர்க்கரை மாத்திரையைப் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறார். அவளுடையது ஏழு வருஷம்.

மருந்துக்கடைப் பெண் மாத்திரையைக் கவரில் போடும்போது, செக்கிங் அம்மா "எனக்கு ஒரு சந்தேகம்மா" என்று ஆரம்பித்துப் பால் பாக்கெட் கதை முழுவதையும் சொன்னாள்.

"பி12 குறைவா இருக்குமோ என்னமோம்மா" என்றாள் அந்தப் பெண். "வருஷக்கணக்கா சக்கரை மாத்திரை எடுக்கிறவங்களுக்கு அந்த வைட்டமின் உடம்புல ஒட்டாம குறையலாம். வயசும் ஒரு காரணம். வயசாக ஆக வயிறு சாப்பாட்டுலேர்ந்து அதைப் பிரிச்சு எடுக்கிறது கம்மியாயிடும். மறதி வரும், சோர்வு வரும், கை கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், நாக்கு எரியும், படி ஏறினா மூச்சு வாங்கும். சக்கரை மாத்திரை மட்டும் இல்லம்மா, வயித்துக்குப் போடற சில மாத்திரைகூட..."

"மத்த மாத்திரை எதுவும் இவர் தொடறதே இல்ல. இது போதும், புரிஞ்சிடுச்சு!" என்று கவரை வாங்கிக்கொண்டு செக்கிங் அம்மா கிளம்பிவிட்டாள்.

"ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும்மா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எடுத்தே தீருவது என்று தெருமுனை திரும்புவதற்குள் முடிவு செய்துவிட்டாள். அவள் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் ஒட்டிய அம்பை யாரும் உரித்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மீட்டர்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"எனக்கு எதுக்கு ஊசி? வேணும்னா நீ போய் எடுத்துக்கோ."

"எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"போன வாரம் படிக்கட்டுல உக்காந்துட்டியே?"

"அந்தப் படியைக் கட்டின கொத்தனாருக்கு அளவு தெரியல. ஒவ்வொரு படியும் முழங்கால் உசரம். அதுக்கு நான் என்ன பண்ண?"

"விரல் மரத்துப் போகுதுன்னியே?"

"நாள் பூரா காலரை இழுத்தா மரக்காம பூக்குமா? பேச்சை மாத்தாதீங்க. நாளைக்கு லேபுக்கு வர்றீங்களா இல்லையா?"

"நீ கல்லுன்னா நானும் கல்லு" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். மனுஷன் அசையவில்லை. இதிலிருந்தே வியாதி முற்றிவிட்டது என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

சரி, ரத்தம் கொடுக்காவிட்டால் போகட்டும், வைட்டமினை உள்ளே அனுப்பிவிடலாம் என்று இளஞ்சிவப்பு மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்தாள். வேறொரு கடையில் வாங்கினாள். நம்ம கடைப் பெண் கேள்வி கேட்பாள். தினம் காலையில் ஒரு மாத்திரையைக் கரண்டி முதுகால் நசுக்கி அவருடைய டீயில் கலக்கிவிடுவது என்று திட்டம்.

மூன்றாம் நாள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பத்தில் மூன்று போக ஏழு இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது.

செக்கிங் அம்மாவின் கண்ணுக்கு எண்ணிக்கை தப்பினால் உலகமே தப்பின மாதிரி.

"ஏங்க, இந்த மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டீங்களா?"

"எந்த மாத்திரை?"

"இதோ, இந்த மாத்திரை. தினம் ஒண்ணுதான் போடணும். நீங்க மறந்துபோய் நாலஞ்சு எடுத்துப் போட்டுக்கிட்டீங்க!"

"எனக்கு அப்படி ஒரு மாத்திரை வீட்டுல இருக்கிறதே தெரியாதேம்மா. அதை எங்க வெச்சிருந்தே?"

"டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால. உங்க டீயில நசுக்கிப் போட..." என்று சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடி என்ன பயன்?

மீட்டர்காரர் தன் கோப்பையை எட்டிப் பார்த்தார். விளிம்பில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு.

"ரெண்டு நாளா டீ ஏன் கல்யாண சர்பத் மாதிரி இருக்குன்னு நினைச்சேன்" என்றார். "இன்னைக்கு மட்டும் எத்தனை தடவை நசுக்கினே?"

"ஒரு தடவைதான்!"

"நான் பல் தேய்க்கும்போது ஒரு தடவை டொக் டொக்னு கேட்டுது. பேப்பர் எடுக்கப் போகும்போது ஒரு தடவை கேட்டுது."

"உங்க காதுலயும் கோளாறு."

அன்றிலிருந்து அடுப்படி அவர் வசம் போனது. அவரே டீ போட்டார், அவரே பாலை எடுத்தார், அவரே அடுப்பை அணைத்தார். செக்கிங் அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினால், கடைப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டெஸ்ட் எடுக்காம யாரும்மா இதைக் கொடுக்கச் சொன்னது? மாத்திரை போட்ட கையோட டெஸ்ட் எடுத்தா நம்பர் ஏறிக் காட்டும். இப்ப சில வாரம் விட்டுத்தான் எடுக்கணும்."

ஆக, ஓட்டை அடைக்கப் போய்க் கூரையையே பெயர்த்த கதையாயிற்று. ஆனால் அவள் சோர்ந்துவிடவில்லை. அந்தச் சில வாரமும் வீட்டில் கண்காணிப்பு நடத்துவது என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் கொண்டுவந்தாள். அவர் எங்கே எதை மறக்கிறாரோ அங்கே ஓர் அம்பு. பார்த்துத் திருந்தட்டும். டாக்டர் கேட்டால் சாட்சிக்கும் ஆகும்.

மூடாத குழாயில் ஓர் அம்பு. அணைக்காத விளக்கில் ஓர் அம்பு. வெளியே தொங்கிய சாவிக்கு ஒன்று. செருப்பு அலமாரியில் கிடந்த கத்தரிக்கோலுக்கு ஒன்று. குளிர்பெட்டிக்குள் இருந்த தன் மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு. அது அவளுடைய கண்ணாடி என்பதால் குற்றம் பெரிது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றவள் உள்ளே வரவே யோசித்தாள்.

"என்னம்மா இது? வீடா, ரிஜெக்ட் ஆன சட்டை மூட்டையா?"

"உள்ள வா. எல்லாம் உங்கப்பா வேலை."

மகள் ஒவ்வோர் அம்பாகப் பார்த்துக்கொண்டு போனாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். மூடினாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் சன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்கிங் அம்மா சாப்பாட்டு மேசை மேல் ஒரு தாளை விரித்தாள். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். "எல்லாத்தையும் படிச்சு எழுதி வெச்சிருக்கேன். ஒவ்வொரு வயசுக்கும் ஒவ்வொண்ணு குறையும். இங்க பாரு, நீ. பிள்ளை வயித்துல இருக்கு. உனக்கு ஃபோலிக் ஆசிட், இரும்பு. சாப்பிடுறியா?"

"தினமும் சாப்பிடறேன். டாக்டர் முதல் நாளே எழுதிட்டாங்க."

"பாஸ். இது உங்கப்பா. அறுபத்தொண்ணு வயசு, சக்கரை மாத்திரை பத்து வருஷம். ரெண்டு ஆபத்தும் ஒரே ஆள்கிட்ட. ஃபெயில்."

"மூணாவது கட்டம் காலியா இருக்கே? அது யாரு?"

"நான்தான். அதுல எழுத ஒண்ணுமில்ல." அவள் பேனாவை எடுத்துத் தன் கட்டத்தில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"உனக்கும் அம்பத்தேழு ஆச்சேம்மா. எங்க டாக்டர் சொல்வாங்க, மாதவிலக்கு நின்ன பிறகு எலும்புக்கு ஒரு கணக்கு, அறுபதைத் தொட்டா வயித்துக்கு ஒரு கணக்குன்னு..."

"உன் டாக்டரை உன் வயித்தை மட்டும் பார்க்கச் சொல்லு. எனக்கு இப்ப இருக்கிற ஒரே வியாதி உங்கப்பா."

மகள் வாயைத் திறந்தாள். அப்பா சன்னலோரமிருந்து லேசாகத் தலையை ஆட்டினார். மகள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்று செக்கிங் அம்மா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தொழிற்சாலையில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஒரு சட்டை இருந்தது.

"உக்காருங்கம்மா. நாப்பத்திரண்டு சைஸ் சட்டை, முப்பத்தெட்டு லேபிளோட போயிருக்கு. பெட்டி முழுக்க. உங்க முத்திரை."

அவள் சட்டையைக் கையில் எடுத்தாள். லேபிளைப் பார்த்தாள். முத்திரை அவளுடையதுதான். காது மடல் சுட்டது.

"இருபத்தொன்பது வருஷத்துல இதுதான் சார் முதல் தடவை."

மேனேஜர் பேனாவை உருட்டினார். "மூணாவது தடவைம்மா. போன வாரம்கூட இதே நாற்காலியில உக்காந்து பேசினோமே."

"போன வாரமா?"

"ஆமா."

ஒரு கணம் அவள் நெஞ்சுக்குள் ஏதோ படி தவறினாற்போல் இருந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். "வீட்டுல இவருக்கு உடம்பு சரியில்ல சார். அவரோட மறதியையும் சேர்த்து நானே சுமக்கிறேன். அதுல கொஞ்சம் கவனம் சிதறிடுச்சு."

"அப்ப ஒரு வாரம் லீவு எடுங்க. அவரைக் கவனியுங்க. திரும்பி வந்தும் இப்படியே இருந்தா உங்களைப் பேக்கிங்குக்கு மாத்தச் சொல்வாங்க. எனக்கு மனசு வரல. ஆனா மேல இருக்கிறவங்களுக்கு வரும்."

பேக்கிங்! கண்ணை மூடிக்கொண்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. வழியெல்லாம் அந்த வார்த்தை நாக்கில் எரிந்தது. நாக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் எரிகிறது. அவர் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கிறார் என்பதை மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"இதோ பாருங்க. உங்க மறதியால என் வேலைக்கே ஆபத்து வந்துடுச்சு. இனிமே கெஞ்சறதா இல்ல. நீங்க லேபுக்கு வர வரைக்கும் நான் சாப்பிடப் போறதில்ல."

மீட்டர்காரர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது.

"ஃபேக்டரியில என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். மூன்று தடவை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "வரேன். ஆனா ஒரு நிபந்தனை."

"நூறு நிபந்தனை போடுங்க."

"எனக்கு ஊசின்னா பயம். நீ முதல்ல கையை நீட்டு. உனக்கு எடுக்கிறதைப் பார்த்துட்டு, தைரியம் வந்ததும் நான் நீட்டறேன். எனக்கு என்ன டெஸ்டோ உனக்கும் அதே டெஸ்ட். சரிசமமா இருக்கணும்."

"அவ்வளவுதானா? ரெண்டு கையையும் நீட்டறேன்!"

ஜெயித்துவிட்டாள். அன்று இரவு இரண்டு பங்கு சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை பேருந்து ஏறினார்கள். "இறங்குங்க, இறங்குங்க, வந்துடுச்சு!" என்று அவரை இழுத்துக்கொண்டு இறங்கினாள். பேருந்து போன பிறகு பார்த்தால் எதிரே மர அறுவை மில்.

"ஏங்க, நாலு நிறுத்தம் முன்னாடியே இறங்கிட்டோமே! சொல்லக் கூடாதா?"

"என் தப்புதான்" என்றார் மீட்டர்காரர்.

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன்."

நாலு நிறுத்தத்தையும் நடந்தே கடந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் தெருத்தெருவாக நடந்த மனுஷன் அவள் நடைக்குத் தோதாக மெதுவாக நடந்தார். லேப், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முதல் மாடி திருப்பத்தில் செக்கிங் அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு மூச்சு வாங்குமேன்னுதான் உக்காந்தேன்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நல்லதாப் போச்சு" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்தால் இன்னும் நாலு மாடி ஏறுவார் போலத் தெரிந்தது. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்: களைப்பு தெரியாமல் போவதும் ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

மேலே வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. ரத்தம் எடுக்கும் பெண்தான் உள்ளேயிருந்து வந்து இரண்டு படிவத்தைக் கொடுத்தாள். அவருடைய படிவத்தைச் செக்கிங் அம்மா எழுதினாள். மறதி, கவனக்குறைவு, பிடிவாதம் என்று இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். அவளுடையதை அவர் எழுதினார்.

"என்ன இவ்வளவு நேரமா எழுதறீங்க? காட்டுங்க." எட்டிப் பார்த்தாள். "நெஞ்செரிச்சல் மாத்திரையை எல்லாம் எதுக்கு எழுதறீங்க? அது ஒரு மருந்தா?"

"ஏழு வருஷமா தினமும் சாப்பிடறியே. கேட்டிருக்காங்க, எழுதறேன்."

"என்னமோ பண்ணுங்க. எனக்கு நேரம் ஆகுது."

நாற்காலியில் போய் உட்கார்ந்து, கோட்டுக் கையை மடித்து, வீரத்தோடு நீட்டினாள். "நல்லாப் பாருங்க. கண்ணை மூடக் கூடாது. எறும்பு கடிக்கிற மாதிரிகூட இருக்காது." ஊசி ஏறியது. அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. குப்பியில் ரத்தம் நிறைவதைத் தையலைச் சோதிப்பது போல உற்றுப் பார்த்தாள்.

மீட்டர்காரரும் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்து, மூடி போட்டு, பெயர் ஒட்டும் வரைக்கும் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

'பாவம், எவ்வளவு பயம்' என்று அவளுக்கு மனசு இளகிப்போனது. பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்து அவர் தோளில் கை வைத்தாள். "பயப்படாதீங்க. என்ன குறைஞ்சிருந்தாலும் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரி பண்ணிடுவாங்க. நான் இருக்கேன்ல? ம், இப்ப நீங்க உக்காருங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. அந்த நேரம் வரவேற்பு மேசை அம்மாள் கையில் டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். மீட்டர்காரரைக் கண்டதும் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒருவழியா அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா சார்? உங்க பி12 நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வாங்கிட்டுப் போன அன்னைக்கு, 'தனக்குன்னா வரவே மாட்டா, எனக்குத்தான் மறதின்னு நடிச்சாவது அவளை இங்க கொண்டுவந்துடுவேன்'னு சொன்னீங்களே, நாலு மாசம் ஆச்சே!"